கன்னியாகுமரியில் தெருவில் நின்று பாடினால் ஆள் நிற்குமா? இடம், நேரம், உண்டியல் பற்றி விவரம் வேண்டும்

ஈத்தாமொழிக்காரன் (கேள்வி)

மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் பாட்டு, ஒருவர் ஆர்மோனியம், ஒருவர் டோலக். முதல் இருவருக்கும் பார்வை கிடையாது. பழைய சினிமாப் பாட்டு, ஐயப்பன் பாட்டு, மாதா பாட்டு, நாலைந்து மலையாளப் பாட்டு கைவசம் உண்டு. சாமான் என்று பார்த்தால் 30 வாட் பேட்டரி ஆம்ப், ஒரு மைக், இரண்டு ஸ்டூல். கார்த்திகை ஒன்றிலிருந்து தை வரை கன்னியாகுமரி, சீசன் முடிந்தால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் என்று திட்டம்.

பாட்டில் குறை இல்லை. ஆனால் போகிறவர்கள் ஒன்று தலையைத் திருப்பாமல் போகிறார்கள், இல்லையென்றால் போனை நீட்டி வீடியோ எடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். நின்று கேட்கிறவர்கள்கூட பாட்டு முடிந்த கையோடு கலைந்துவிடுகிறார்கள். எங்கே நிற்பது, எந்த நேரம், உண்டியலை எங்கே வைப்பது, கியூஆர் அட்டை உண்மையிலேயே உதவுமா, பிரச்சினை வராமலிருக்க யாரிடம் கேட்க வேண்டும்? "திறமை இருந்தா கூட்டம் தானா வரும்" வகைப் பதில் வேண்டாம் அண்ணாச்சிமாரே.

சன்னதித்தெரு

திறமையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் போகிறவர் காலைப் பாருங்கள். சாதாரணமாக நடக்கிறவர் வினாடிக்கு 1.2 மீட்டர் போல நடப்பார். உங்கள் பாட்டின் சொல் அவருக்குப் புரியத் தொடங்குவது சுமார் 15 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன் வந்து சேர 12 வினாடி, தாண்டிப் போக இன்னொரு 12. நிற்பதா வேண்டாமா என்பதை அந்த முதல் 12 வினாடிக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். 40 வினாடி ஆர்மோனியம் வாசித்துவிட்டுப் பல்லவியை எடுத்தால், அது அவர் முதுகுக்குத்தான் கேட்கும். தெருவில் பல்லவிதான் முதல். இசைத்துணுக்கை முதல் சரணத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நிற்க நினைத்தவருக்கு நிற்க இடம் உண்டா? நடைபாதை 2 மீட்டர், நீங்கள் அதில் ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டால், நிற்கிறவர் பின்னால் வருகிறவருக்கு இடைஞ்சல். நம்ம ஆட்கள் அடுத்தவர் வழியை மறித்து நிற்கக் கூசுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். உங்களுக்கு முன்னால் 3 மீட்டராவது வெற்றிடம், அதற்கும் அப்பால் நடை போகிற தடம் இருக்க வேண்டும். பின்னால் ஒரு சுவரோ மூடிய கடையோ இருந்தால் இன்னும் நல்லது.

கன்னியாகுமரியில் நேரத்தைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைப்பது ஒன்று உண்டு. அஸ்தமனத்துக்குத்தான் கூட்டம், அதனால் அப்போது பாட வேண்டும் என்பார்கள். கூட்டம் இருக்கும், சரி. ஆனால் மார்கழித் தொடக்கத்தில் 5:30 முதல் 6:10 வரை அத்தனை பேரும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நிற்பார்கள், கையில் போன். அப்போது பாடுவது வீண், கேட்கிறவருக்கு எரிச்சலும்கூட. சூரியன் இறங்கியதும் கூட்டம் திரும்பி நடக்கும், அடுத்த வேலை சாப்பாடு மட்டும்தான். அந்த 6:20 முதல் 7:30 வரைதான் உங்கள் நேரம். காந்தி மண்டபத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஏறி வருகிற வழியில், திறந்த வெளி கடையாக மாறுகிற இடத்தில் நடை தானாகவே தளரும். அங்கே நில்லுங்கள், கடைக்கு நடுவில் போய் நிற்காதீர்கள்.

காலையிலும் இதே கதை. உதயம் பார்க்க வந்தவர் சூரியன் எழும் வரை கடலைப் பார்ப்பார். விவேகானந்தர் பாறைக்குப் போகிற பூம்புகார் கழகப் படகு 8 மணிக்குத்தான். இடையில் 6:45 முதல் 7:40 வரை பெரும்பாலானவருக்கு டீ குடிப்பதைத் தவிர வேலை கிடையாது. மைக்கைக் குறைத்து, ஆர்மோனியத்தோடு மெதுவான பக்திப் பாட்டு பாடினால் அந்த நேரம் நன்றாக எடுபடும். பகல் 11 முதல் 4 வரை வெயிலில் யாரும் நிற்க மாட்டார்கள். நீங்களும் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

படகுத்துறை வரிசையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். 2024 டிசம்பர் 30-ல் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு வரிசை இன்னும் நீண்டிருக்கிறது, உண்மைதான். ஆனால் கம்பித் தடுப்புக்குள் நிற்கிறவர் வெளியே வந்து காசு போட முடியாது. நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனால் அது பாட்டுக்குக் கொடுத்த காசு ஆகாது, தொந்தரவுக்குக் கொடுத்த காசு. முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லாத ஆளிடம் கேட்பது சரியில்லை.

வேப்பமூடு

2007 ஜனவரி 12-ல் வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றில் உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் அடையாளம் காட்டாமல் வாசித்த கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவருக்கு: 1713-ல் செய்த, விலைமதிப்பற்ற ஸ்ட்ராடிவாரியஸ் வகை வயலின், காலை 7:51-க்கு ஆரம்பம், 43 நிமிடம். கடந்து போனவர்கள் 1,097 பேர். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர் 7 பேர், காசு போட்டவர் 27 பேர், சேர்ந்தது 32 டாலர் சொச்சம். ஆளை அடையாளம் கண்டுகொண்ட ஒரு பெண் போட்ட 20 டாலர் அதில் சேராது. "ஜனங்களுக்கு ரசனை இல்லை" என்று சொல்ல இதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள்.

எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. அலுவலகத்துக்கு ஓடுகிற நேரம், வாசல் கதவுக்குப் பக்கம், நிற்க இடமில்லாத வழி, அதிலும் தொடக்கமே பாக் இயற்றிய 'சக்கோன்' என்ற நீண்ட மேற்கத்திய செவ்வியல் இசை. சன்னதித்தெரு சொன்ன எல்லாக் கணக்கும் அங்கே எதிராக விழுந்திருக்கிறது. அதே ஆள் அதே வயலினோடு ஞாயிறு மாலை ஒரு பூங்காவில் நின்றிருந்தால் எண்ணிக்கை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை 8:30-க்கு யார் வாசித்தாலும் அதே கதிதான். திருவனந்தபுரம் வண்டிக்கு ஓடுகிறவரிடம் ரசனையைத் தேடாதீர்கள்.

மெட்ரோவில் நடந்த அந்தச் சம்பவத்தில் நமக்குப் பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. கடந்து போன குழந்தைகள் எல்லாம் நின்று பார்க்க முயன்றன, ஒவ்வொரு தடவையும் பெற்றோர் இழுத்துக்கொண்டு போனார்கள். சுற்றுலாத் தலத்தில் பெற்றோருக்கு அந்த அவசரம் கிடையாது. குழந்தை நின்றால் அம்மா நிற்பாள், அம்மா நின்றால் அந்தக் குடும்பமே நிற்கும். காசையும் குழந்தை கையில் கொடுத்துத்தான் போடச் சொல்வார்கள். டோலக் வாசிப்பவரை நடுவில் உட்கார வையுங்கள். குழந்தைகள் பார்ப்பது கையைத்தான், வாயை அல்ல. அதே சமயம் மைக்கைக் குழந்தை வாயில் நீட்டி "பாடு கண்ணு" என்று வற்புறுத்துவது வேண்டாம். கூச்சப்பட்டு அழுதால் குடும்பம் முழுக்க நகர்ந்துவிடும்.

மார்த்தாண்டம் மைக்செட்

சத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் நான்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டரில் 85 என்றால் 2-ல் 79, 4-ல் 73, 8-ல் 67. பேசிக்கொண்டு போகிற கடைத்தெருவில் 8 மீட்டருக்கு அப்பால் சொல் மங்கிவிடும். உடனே வால்யூமைத் திருப்பாதீர்கள். ஆம்ப் பவர் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், ஆனால் முன் வரிசையில் நிற்கிறவர் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்குவார். ஒரு தடவை பின்வாங்கினால் உண்டியலுக்கும் அவருக்கும் நடுவில் 5 மீட்டர் வெற்றிடம் விழும். அதைத் தாண்டி வந்து காசு போட நம்மூர்க்காரருக்குக் கூச்சம். 30 வாட் தாராளம்.

ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் முதல் வரிசைக்காரர் காலே சத்தத்தைக் குடித்துவிடும். ஸ்டூல் மேல் வைத்து, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தி, லேசாக மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். எதிர்க்கடை வாசலுக்கு நேரே திருப்பக் கூடாது. எக்கோவை முக்கால்வாசி குறையுங்கள். கரோக்கி மைக்கில் பாடுகிறவர் தன் குரல் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று எக்கோவை ஏற்றிவிடுவார், தள்ளி நிற்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. நம்ம ஆளுகள் சொல்லைக் கேட்டு நிற்கிறவர்கள், சொல் போச்சு என்றால் ஆளும் போச்சு. புளூடூத் ஸ்பீக்கரும் இதற்கு ஆகாது. மைக்கிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவதற்குள் சத்தம் தாமதிக்கும், டோலக் தாளமும் பாட்டும் பிரிந்துவிடும். வயர்தான் வேண்டும்.

இனி காற்று. சாயங்காலம் கடல்காற்று ஊர்ப்பக்கம் அடிக்கும். காற்று போகிற திசையில் சத்தம் நன்றாக ஓடும். எதிர்க்காற்றில் போகிற சத்தம் மேலே வளைந்து தலைக்கு மேல் போய்விடும். ஆகவே கடலை முதுகுக்குப் பின் வைத்து ஊரைப் பார்த்து நில்லுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம், அது இல்லையென்றால் புஸ் புஸ் என்ற சத்தம்தான் ஓங்கும். ஆம்பில் பேஸ் குமிழைக் குறைத்தால் காற்றிரைச்சல் பாதி அடங்கும். புல்லாங்குழல் சேர்க்கிற எண்ணம் இருந்தால் சுவர் மறைவு கட்டாயம். குறுக்கே அடிக்கிற காற்று ஊதுகிற துளையில் மூச்சைக் கலைத்துவிடும், சத்தமே வராது. ஆனி, ஆடி, ஆவணியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் திறந்த வெளியில் மைக் வைக்கிற யோசனையே வேண்டாம். காற்றாலை நிற்கிற ஊர் அது.

பேட்டரிக் கணக்கு: 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் என்றால் தாளில் 84 வாட் மணி. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும். சராசரி 20 வாட் இழுத்தால் நம்பி ஓட்டக்கூடியது இரண்டு மணி நேரம். காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் நடுவில் சார்ஜ் போட ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

உப்புக்காற்றில் ஆர்மோனிய ரீட் பித்தளை என்பதால் உடனே கெடாது, பச்சை பூத்து சுருதி மெல்ல விலகும். உள்ளே இருக்கிற இரும்பு ஸ்பிரிங்தான் முதலில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் மூடி, துணி சுற்றி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு வையுங்கள். டோலக் தோல் ஈரத்தில் தொய்ந்து சுருதி இறங்கும். நட்டு போல்ட் வைத்த டோலக் என்றால் அங்கேயே முறுக்கிக்கொள்ளலாம், கயிறு என்றால் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்கால மழை சொல்லிக்கொண்டு வராது. ஆம்பை மூடுகிற அளவுக்கு தார்ப்பாய்த் துண்டு ஒன்று கூடவே இருக்கட்டும்.

சிப்பிக்கடை

கடைக்காரன் பக்கமும் கேளுங்க மக்கா. சங்கு, சிப்பிமாலை விக்கிற கடை முன்னால ஒரு மணி நேரம் பாட்டு நடந்தா, கூட்டம் நிக்கும், ஆனா எங்களுக்கு முதுகைக் காட்டி நிக்கும். கடைக்குள்ள வர வேண்டிய ஆள் உள்ள வர வழி இருக்காது. நான் விலை சொன்னா வாங்குறவருக்குக் கேக்காது. சண்டை வாறது இதனாலதான், பாட்டுப் பிடிக்காம இல்ல.

முதல்லயே வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. 40 நிமிஷம் இங்கன, அப்புறம் அம்பது அடி தள்ளி அங்கன. ரெண்டாவது, எங்களுக்கு எப்பவும் சில்லறைத் தட்டுப்பாடு. உங்க கிட்ட அஞ்சு, பத்து ரூபாய் நாணயம் குவிஞ்சு கிடக்கும். அதை எண்ணிக் கொடுத்து நோட்டா வாங்கிக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது. சில்லறை கொண்டு வாற ஆளை எந்தக் கடைக்காரனும் விரட்ட மாட்டான்.

பார்வதிபுரம் கணக்கு

காசு விஷயம். நின்று கேட்டவர் ஏன் போடாமல் போகிறார்? பெரும்பாலும் கஞ்சத்தனம் காரணமில்லை. உண்டியல் எங்கே என்று தெரியாது, தெரிந்தாலும் எல்லோரும் பார்க்க நடந்து போய்க் குனிய வேண்டும், கையில் சில்லறை இருக்காது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும்.

உண்டியலைப் பாடுகிறவர் காலடியில் வைக்காதீர்கள். கூட்டம் கலைந்து போகிற பக்கம், நடக்கிற தடத்தை ஒட்டி, முழங்கால் உயரத்தில் ஸ்டூல் மேல் வையுங்கள். போகிறபோக்கில் குனியாமல் போட முடிய வேண்டும். துண்டு விரிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். துண்டைப் பார்த்ததும் ஆள் மனசுக்குள் கணக்கு மாறிவிடும், பாட்டுக்குப் பத்து இருபது கொடுக்க இருந்தவர் தர்மத்துக்கு ஒரு ரூபாய் போடுவார். மேலும் கன்னியாகுமரிக் காற்றில் நோட்டு நிற்காது. ஆழமான எவர்சில்வர் போணி (பாத்திரம்), வாய் குறுகியது, அடியில் கல் ஒன்று. தொடங்கும்போது பத்து, இருபது, ஒரு ஐம்பது என்று நாலைந்து நோட்டு தெரியும்படி இருக்கட்டும். வெறும் போணியில் முதல் ஆளாகப் போட யாரும் முன்வர மாட்டார்கள். 500 ரூபாய் நோட்டை மேலே வைக்காதீர்கள், பத்து ரூபாய் வைத்திருப்பவர் கையை இழுத்துக்கொள்வார். நிறைந்துபோனால் எடுத்துவிட வேண்டும்.

கியூஆர் உதவும், ஆனால் ஒழுங்காக வைத்தால்தான். எத்தனை தூரத்தில் ஸ்கேன் ஆக வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு கட்டம் வேண்டும். ஒன்றரை மீட்டரில் எடுக்க வேண்டும் என்றால் கட்டம் 15 செண்டிமீட்டர். பளபளப்பான லேமினேஷன் சாயங்கால வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னும், போன் பிடிக்காது. மங்கல் தாளாகப் போடுங்கள். ஸ்கேன் செய்ததும் போனில் வருகிற பெயரும் உங்கள் பலகையில் எழுதியிருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பலகையில் குழுப் பெயர், போனில் யாரோ ஒருவர் பெயர் என்றால் பாதிப்பேர் சந்தேகப்பட்டு ரத்து செய்துவிடுவார்கள். தினமும் தொடங்கும் முன் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பார்வையற்றவர்களைக் குறிவைத்து நடக்கிற திருட்டு இது. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைப்பது நல்லது. முன்பின் தெரியாத பணம் வருகிற கணக்கு, எங்கேயோ ஒரு புகாரில் முடங்கினால் வீட்டுச் செலவுப் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற பெட்டி உங்கள் இருவருக்கும் அவசியம்தான். ஆனால் பாட்டின் நடுவில் "ஐந்து ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தினால் போட்டவருக்கு வெட்கம், அடுத்தவர் போட மாட்டார். வால்யூமைக் குறைத்து ஆர்மோனியக்காரர் காதுக்குப் பக்கத்தில் வையுங்கள். விடுமுறை நாட்களில் கடற்கரையில் நெட்வொர்க் நெரிசலில் யூபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும். ரொக்கப் போணியை எடுத்துவிடாதீர்கள்.

நோட்டு அடையாளத்துக்கு: இப்போதைய வரிசையில் 10, 20 ரூபாய் நோட்டு அகலம் 63 மில்லிமீட்டர், 50 முதல் 500 வரை 66. நீளம் 10, 20, 50, 100, 200, 500 என்ற வரிசையில் 123, 129, 135, 142, 146, 150 என்று ஏறும். 100-ல் ஓரத்தில் தடவினால் நான்கு கோடு, 200-ல் நான்கு கோடும் இரண்டு வட்டமும், 500-ல் ஐந்து கோடு. பழைய நோட்டில் தேய்ந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் 'மணி' (MANI) என்கிற போன் செயலி இணையம் இல்லாமலும் நோட்டைப் பார்த்துச் சொல்லும்.

வீடியோ எடுக்கிறவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கியூஆர் அட்டையை டோலக்குக்கு முன்னால், படத்துக்குள் விழும்படி வையுங்கள். அவர் போடாவிட்டாலும் பார்க்கிறவர் யாராவது போடுவார்.

ஈத்தாமொழிக்காரன்

ரொம்ப உபகாரம். மைக்குக்கு அனுமதி எங்கே வாங்குவது? ரயில் நிலையத்தில், ரயிலுக்குள் பாடலாமா? இப்படிப் பாடுவதைப் பிச்சை என்று சொல்லிப் பிடிக்க வழி உண்டா?

தக்கலை கோர்ட் ரோடு

ஒன்றொன்றாக.

ரயில் வேண்டாம். 1989 ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவு அனுமதியில்லாத விற்பனையையும் பிச்சையையும் வண்டியிலும் நிலைய எல்லைக்குள்ளும் தடுக்கிறது. பாட்டுப் பாடிக் காசு வாங்கினால் அதில்தான் எழுதுவார்கள். நாகர்கோவில் சந்திப்பு, கன்னியாகுமரி நிலையம் இரண்டுக்கும் இது பொருந்தும். நிலைய வாசலுக்கு வெளியே பொதுச்சாலை என்றால் வேறு விஷயம்.

மைக்குக்கு அந்தந்தக் காவல் நிலையத்தில் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. உதயத்துக்கு முன்னால் மைக்கைத் தொடாதீர்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பொது இடத்தின் எல்லையில் உங்கள் சத்தம் அந்தப் பகுதிக்கு விதித்திருக்கிற ஒலி அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75-க்கு மேலோ போகக் கூடாது, இரண்டில் எது குறைவோ அது. மனுவில் இடம், தேதி, நேரம், ஆம்ப் வாட், பொறுப்பாளர் போன் எண் எழுதி, முத்திரையிட்ட நகலை உறையில் போட்டுக் கையில் வைத்திருங்கள். ரோந்து வருகிற காவலர் மாறிக்கொண்டே இருப்பார், வாய்வார்த்தை உதவாது.

காவல் நிலைய அனுமதி மைக்குக்குத்தான், மண்ணுக்கு அல்ல. நீங்கள் நிற்கிற மண் யாருடையது என்று தனியாகப் பார்க்க வேண்டும். தெரு என்றால் உள்ளாட்சி. கோயில் நிலம் என்றால் தேவசம் (கோயில் நிர்வாகம்). கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களில் ஆலய வளாகம் என்றால் பங்குப் பேரவை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் வளாகம் கேரளத் தொல்லியல் துறை பொறுப்பு. அதனால் தக்கலை போலீஸ் சரி என்று சொன்னாலும் வாசல் காவலாளி விரட்டலாம். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அன்றைக்கு அங்கே போகவும் வேண்டாம்.

பிச்சை என்கிற கேள்வி. 1959 பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் பாடி ஆடிக் காசு வாங்குவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. தில்லிக்கும் அதை நீட்டித்திருந்தார்கள், அதன் முக்கியப் பிரிவுகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2018-ல் செல்லாது என்றது. தமிழ்நாட்டில் இருப்பது 1945-ஆம் ஆண்டின் வேறு சட்டம். தெருவில் நடைமுறையில் பிரச்சினை வருவது சட்டப்பிரிவால் அல்ல, வழி மறிப்பதாலும் ஆளைத் தொடர்ந்து போய்க் கேட்பதாலும். அந்த இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் "தள்ளி நில்லுங்க" என்பதோடு முடியும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் கூடவே வையுங்கள். இவை அனுமதி ஆகாது, ஆனால் பேச்சின் தொனி மாறும்.

தோவாளை உடுக்கை

எல்லோரும் இடத்தையும் போணியையும் சொல்லிவிட்டார்கள். பாட்டை அடுக்குகிற விதத்தை நான் சொல்கிறேன்.

நம்ம மாவட்டத்தில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாட்டுக்காரருக்குப் பதில் கொடுக்கிற பழக்கம் உண்டு. அண்ணாவி (முதன்மைப் பாடகர்) ஒரு வரி சொல்வார், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார், கேட்கிறவர் தலை தானாக ஆடும். ஆனால் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வருகிறவர் கேட்கவென்றே வந்து உட்கார்ந்தவர், விடிய விடிய இருப்பார். தெருவில் நிற்பவர் அப்படியில்லை, அவரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு அந்த "ஆமா"வை எடுத்துக்கொள்ளலாம். டோலக்காரருக்குப் பார்வை உண்டு என்பதால் அவர்தான் கூட்டத்தோடு பேச வேண்டும். "கொல்லத்துலேர்ந்து வந்தவங்க யாராவது உண்டா?" என்று ஒரு கேள்வி, யாராவது கை தூக்கினால் அடுத்தது மலையாளப் பாட்டு. கை தூக்கியவர் அந்தப் பாட்டு முடியும் வரை நகர மாட்டார், அவருக்காகப் பாடுகிறீர்களே.

சீசனில் வருகிறவர்கள் நேரத்துக்குத் தகுந்தபடி மாறுவார்கள். ஐயப்ப பக்தர்கள் கூட்டமாக வருவார்கள், பஸ் காத்திருக்கும், பணம் பெரும்பாலும் ஒருவர் கையில் இருக்கும். குருசாமி நின்றால்தான் கூட்டம் நிற்கும். அவர்களுக்கு 2 நிமிடத்தில் முடிகிற ஐயப்பன் பாட்டு, கூடப் பாட முடிகிற சரணத்தோடு. பூஜை விடுமுறைக்கு வங்காளத்துக்காரர்கள் நிறைய வருவார்கள், வடக்கத்திக்காரர்கள் வருஷம் முழுக்க. பழைய இந்திப் பாட்டு இரண்டு கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள், பல்லவியும் ஒரு சரணமும் போதும். சொத்தவிளை, முட்டம், கணபதிபுரம் லெமூர் கடற்கரைகளுக்கு ஞாயிறு மாலையில் வருவது பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பங்கள். அங்கே மாதா பாட்டு, பழைய சினிமாப் பாட்டு நன்றாகப் போகும், ஆனால் இருட்டியதும் கூட்டம் சட்டென்று காலியாகிவிடும்.

பாட்டு முடிந்ததும் கலைகிறார்கள் என்றீர்கள். பாட்டு முடியும்போது கேட்டால் அப்படித்தான் ஆகும். முடிந்ததும் கைதட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று போய்விடுவார்கள். கடைசிச் சரணத்துக்கு முன்னால் டோலக்கை மட்டும் ஓடவிட்டு, 10 வினாடியில் சொல்ல வேண்டும்: "பாட்டு பிடிச்சிருந்தா போணி வலது பக்கம் இருக்கு, போனில் போடுறவங்களுக்கு அட்டை முன்னால இருக்கு." அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம், பார்வை இல்லாதது எதையும் பேச வேண்டாம், அது அவர்களுக்கே தெரிகிறது. பிறகு கடைசிச் சரணம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்து வந்து போடுவதில் கூச்சம் குறைவு, எல்லோர் கண்ணும் பாடுகிறவர் மேல் இருக்கும்.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் 15 வினாடிக்கு மேல் போகக் கூடாது. சுருதி சரி பார்ப்பதும் தண்ணீர் குடிப்பதும் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தால் அங்கே கூட்டம் உடையும். ஒருவர் குடிக்கும்போது டோலக் ஓடட்டும். ஐந்து பாட்டு, 20 நிமிடம், பிறகு 10 நிமிட ஓய்வு என்று வைத்துக்கொண்டால் தொண்டையும் தாங்கும், சிப்பிக்கடை அண்ணாச்சிக்கும் இடையில் வியாபாரம் நடக்கும்.

மார்த்தாண்டம் மைக்செட்

சீசன் முடிந்து எங்க ஊருக்கு வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். நிழல் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, அதனால் ஆசை வரும். மேலே கான்கிரீட், கீழே பஸ் ஹார்ன், சத்தம் எதிரொலித்துத் திரும்ப வந்து பாட்டைக் குழப்பிவிடும். சந்தை நாளில் சந்தைக்குப் போகிற பக்கத் தெரு பாருங்கள். காலையில் வாங்கப் போகிறவர் நிற்க மாட்டார், பை நிறைந்து திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்பவர் கேட்பார். பத்து மணிக்கு மேல் தொடங்கினால் போதும்.